படகுகளை வரைந்த தலைமையாசிரியர்

மாலை வேளையில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நடப்பவர்கள் ஓர் அழகிய காட்சியைக் காண்பார்கள். போட் கீ பகுதியில் உணவகங்களின் விளக்குகள் நீரில் மின்னும். சுற்றுப்பயணிகளை ஏற்றிய படகுகள் மெல்ல நகரும். வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள் தெரியும். தண்ணீரில் குப்பை மிதப்பதில்லை. காற்றில் துர்நாற்றம் வீசுவதில்லை.

இதே இடம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறு மாதிரி இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரையப்பட்ட சில ஓவியங்கள் அந்தக் காலத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. அவற்றில், ஒன்றையொன்று ஒட்டியபடி படகுகள் நெருக்கமாக நிற்கின்றன. கரையில் கடைவீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே சின்னஞ்சிறு கோடுகளாக மனிதர்கள் நடமாடுகிறார்கள். அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தால், ஒரு துறைமுக நகரம் உழைத்த உழைப்பு தெரியும்.

இந்த ஓவியங்களை வரைந்தவர் திரு லிம் ட்ஸே பெங். அவர் முழுநேர ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கவில்லை. அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்.

திரு லிம்மின் ஓவியங்களைப் புரிந்துகொள்ள, அந்த ஆறு செய்த வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் ஆறு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமே கொண்டது. ஆயினும், 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் இங்கு வணிக நிலையம் அமைத்த பிறகு, அதன் முகத்துவாரமே இந்தத் தீவின் வாசலாக விளங்கியது. ஆழம் குறைந்த அந்த ஆற்றுக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலுள்ள சரக்குகளை இறக்கி, ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டு வருவது சரக்குப் படகுகளின் வேலை. மலாய் மொழியில் ‘தொங்காங்’ எனப்பட்ட இப்படகுகளைத் தமிழர்கள் ‘தொங்கான்’ என்று அழைத்தார்கள்.

இந்தப் படகுத் தொழிலில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் பலர் இந்த ஆற்றில் சரக்குப் படகுகளை ஓட்டினார்கள். ஆற்றுக்கு அருகிலுள்ள சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரையே தாங்கியிருக்கிறது. அவர்கள் கட்டிய நாகூர் தர்கா இன்றும் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ளது. அது கட்டப்பட்ட காலத்தில் அந்தச் சாலையே கடற்கரையாக இருந்தது. பிற்காலத்தில் ஹொக்கியன், தியோசூ மொழிகளைப் பேசும் சீனர்களின் கைக்குப் படகுத் தொழில் மாறியது.

போட் கீயில் ஆறு வளைந்து செல்கிறது. அந்த வளைவு கெண்டைமீனின் வயிற்றைப் போல இருப்பதால் அங்குச் செல்வம் சேரும் என்று சீன வணிகர்கள் நம்பினார்கள். அந்த வளைவில்தான் படகுகள் மிகுதியாகக் கூடின. அரிசி, ரப்பர், காப்பிக்கொட்டை, மிளகு முதலியவை மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. படகுக்கும் கரைக்கும் இடையே ஒரு குறுகிய பலகையைப் போட்டு, தொழிலாளர்கள் அதன்மீது மூட்டைகளைச் சுமந்து நடந்தார்கள். கால் சற்று இடறினாலும் மூட்டையோடு ஆற்றில் விழ வேண்டியதுதான்.

அவர்களின் வேலை நேரத்தைக் கடிகாரம் மட்டும் முடிவு செய்யவில்லை. கடலும் முடிவு செய்தது. கடல்நீர் ஏறும்போது ஆற்றின் மட்டமும் உயரும். 1869ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கெவனா பாலம் தாழ்வாக இருந்ததால், நீர் உயர்ந்த வேளையில் படகுகள் அதன்கீழ் செல்ல முடியாமல் காத்துக் கிடந்தன. நீர் வற்றினாலோ, கரையோரப் படகுகள் சேற்றில் தட்டி நின்றன. ஆற்றின் மூச்சுக்கு ஏற்பவே படகோட்டிகள் வாழ்ந்தார்கள்.

திரு லிம் 1921ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தார். பாசிர் ரிஸ் கம்பத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர். கடலுக்கு அருகில், அத்தாப்பு வீடுகளும் மரங்களும் நிறைந்த சூழலில் அவரது இளமை கழிந்தது. சுங் செங் உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது ஓவியத்தின்மீதும் சீன எழுத்துக்கலையின்மீதும் அவருக்கு ஆர்வம் பிறந்தது. ஓவியக் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பார்த்தும், வரைந்தும், தவறுகளைத் திருத்தியும் பெரும்பாலும் அவர் தாமாகவே கற்றார்.

படிப்பை முடித்த பிறகு அவர் ஆசிரியரானார். பின்னர், சின் மின் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்று, 1981ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பள்ளியின் பொறுப்பு அவர் தோள்மீது இருந்தது. ஓவியத்திற்கு எஞ்சியவை வார இறுதிகளும் விடுமுறை நாள்களும்தான். “நேரமில்லை” என்று அவர் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. 1960களிலும் 1970களிலும் மற்ற ஓவியர்களோடு சேர்ந்து பாலி போன்ற இடங்களுக்குப் பயணம் செய்து, அங்குள்ள மக்களையும் காட்சிகளையும் நேரில் கண்டு வரைந்தார். காட்சி இருக்கும் இடத்திற்கே சென்று வரையும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது.

இந்நிலையில்தான் 1977ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில், அன்றைய பிரதமர் திரு லீ குவான் யூ ஓர் இலக்கை அறிவித்தார். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்தே ஆண்டுகளில், மீன்பிடிக்கும் அளவுக்குத் தூய்மையாக்க வேண்டும் என்பதே அந்த இலக்கு. அக்காலத்தில் ஆறு மிகவும் மாசடைந்திருந்தது. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள் ஆகியவற்றின் கழிவுகளும், கழிவுநீர் வசதியில்லாத குடிசைகளின் அசுத்தமும், சாலையோர உணவுக் கடைகளின் எச்சங்களும், படகுகளின் எண்ணெயும் அதில் கலந்தன. தண்ணீர் கறுத்திருந்தது. அருகில் செல்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆற்றைத் தூய்மையாக்க வேண்டுமானால், அதை நம்பியிருந்த வாழ்க்கை முறையும் இடம் மாறியாக வேண்டும். ஆற்றுப் படுகைகளில் வாழ்ந்த ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. சாலையோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றார்கள். படகுகளுக்கும் முடிவு நெருங்கியது. 1972ஆம் ஆண்டிலேயே தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டிருந்தது. கப்பல்களிலிருந்து பாரந்தூக்கிகள் நேரடியாகக் கொள்கலன்களை இறக்கத் தொடங்கியதால், படகுகளுக்கு வேலை குறையத் தொடங்கியிருந்தது.

தம் கண்முன்னே ஓர் உலகம் விடைபெறப் போகிறது என்பதைத் திரு லிம் உணர்ந்தார். அது போவதற்கு முன்பு அதை வரைந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வரைபலகை, தாள், மை, தூரிகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கும் சைனாடவுன் தெருக்களுக்கும் அவர் மீண்டும் மீண்டும் சென்றார். வெயிலையும் இரைச்சலையும் பொருட்படுத்தாமல் அங்கேயே வரைந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த கருவி சீன மை. சீன மரபில், மைகொண்டு மலைகளையும் மூங்கிலையும் மலர்களையும் வரைவார்கள். ஓவியர் ஒரு காட்சியை மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு வீட்டில் அமர்ந்து அமைதியாக வரைவதே வழக்கம். திரு லிம் அதே மையையும் தூரிகையையும் சந்தடி மிக்க தெருவுக்குக் கொண்டு வந்தார். மேல்நாட்டு ஓவியர்களைப் போல வெட்டவெளியில் நின்று, கண்ணெதிரே உள்ள காட்சியை வரைந்தார். இரண்டு மரபுகள் ஒரே தாளில் கைகோத்தன.

இது எளிதான செயலன்று. பென்சிலால் வரைந்த கோட்டை அழித்துவிடலாம். எண்ணெய் வண்ணத்தின்மீது மறுபடியும் வண்ணம் பூசலாம். மையோ தாளில் பட்டவுடன் ஊறிவிடும். ஒரு கோடு தவறினால் அந்தத் தாளே வீணாகும். ஆகவே, மை ஓவியர் கையைவிடக் கண்ணையே முதலில் பழக்க வேண்டும். நீண்ட நேரம் பார்த்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தயங்கக் கூடாது.

படகை வரைவது இன்னும் கடினம். வீடு அசையாமல் நிற்கும், படகு நிற்காது. நீரின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப அது உயரும், தாழும், திரும்பும். ஒரு பக்கத்தை வரைந்து முடிப்பதற்குள் படகோட்டி அதை அவிழ்த்துக்கொண்டு போய்விடவும் கூடும். படகின் விலாவில் உள்ள வளைவு சற்றுப் பிசகினாலும், அது மிதப்பதுபோல் தோன்றாது, மூழ்குவதுபோல் தோன்றும். சரக்கு ஏற்றிய படகு நீரில் ஆழ்ந்து கிடக்கும். வெறும் படகு உயர்ந்து நிற்கும். படகையும் நீரையும் பிரிக்கும் அந்த ஒரு கோட்டைச் சரியாக வரைந்தால், படகில் பாரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

இத்தகைய நுட்பங்களை ஆற்றங்கரையில் நின்றே கற்க முடியும். படகுகளின் முகப்பில் தீட்டப்பட்டிருந்த கண்கள், பக்கவாட்டில் தொங்கிய பழைய டயர்கள், கரைக்கு நீட்டிய பலகைகள், கடைவீட்டு மாடிகளில் மூங்கில் கழியில் காய்ந்த துணிகள் என ஒவ்வொன்றும் அந்த வாழ்க்கையின் அடையாளம். படகுக்குக் கண் இருந்தால் அது வழி தவறாது என்பது சீனப் படகோட்டிகளின் நம்பிக்கை. மை ஓவியத்தில் இவையெல்லாம் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகளாக மாறுகின்றன. அடர்ந்த மை படகின் பாரத்தைக் காட்டும். நீர் கலந்த மை ஆற்றின் நிழலைக் காட்டும். மை படாத வெண்மையான இடமே வானமாகவும் வெளிச்சமாகவும் அமையும்.

இவ்வாறு சிங்கப்பூர் ஆற்றையும் சைனாடவுனையும் பற்றி அவர் 400க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவை விரைந்து வரையப்பட்டவை. ஆனால், அவசரத்தில் கிறுக்கப்பட்டவை அல்ல. காலத்தோடு போட்டியிட்ட ஒருவரின் வேகம் அவற்றில் இருக்கிறது.

1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற்குள் அந்த நாள் வந்தது. ஆற்றில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 800 படகுகள் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு மாற்றப்பட்டன. நூற்றாண்டுக்கும் மேலாகப் படகுகள் நெருக்கியடித்து நின்ற ஆற்றில் வெறும் தண்ணீர் மட்டுமே இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆற்றை நம்பி வாழ்ந்த படகோட்டிகளுக்கு அது துயரமான நாளாகத்தான் இருந்திருக்கும். அதன்பின் ஆற்றின் அடிச்சேறு தோண்டி எடுக்கப்பட்டது. கரைகள் சீரமைக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டில் தூய்மைப் பணி நிறைவேறியது. மீன்கள் திரும்பி வந்தன.

அப்படியானால், ஆற்றைத் தூய்மைப்படுத்தியது தவறா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கறுத்த நீரும் துர்நாற்றமும் நோயைப் பரப்பும். தூய்மையான ஆறும் கழிவுநீர் வசதியுள்ள வீடும் மக்களுக்குத் தேவை. 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின், அந்த ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது. ஒரு காலத்தில் குப்பை மிதந்த நீர், இன்று நாட்டின் குடிநீர்த் தேவைக்கு உதவுகிறது. தண்ணீருக்கு அயல்நாட்டையும் நம்பியிருக்கும் ஒரு சிறிய தீவுக்கு இது பெரும் பேறு.

ஆனாலும், பெற்றதோடு இழந்ததும் உண்டு. அணைக்கட்டு வந்த பிறகு, கடல்நீர் முன்போல் ஆற்றில் ஏறி இறங்குவதில்லை. படகுகளை மிதக்கவிட்டும் சேற்றில் நிறுத்தியும் அந்த நகரத்தை இயக்கிய ஏற்ற இறக்கம் இன்று அங்கு இல்லை. அதை நேரில் காண விரும்பினாலும் காண முடியாது. திரு லிம்மின் ஓவியங்களிலோ அந்த ஆறு இன்னும் மூச்சு விடுகிறது. ஓவியத்தில் ஆற்றின் நாற்றம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. எந்த ஓவியமும் முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஆயினும், அந்த இடத்தில் மனிதர்கள் எப்படி நின்றார்கள், எதைச் சுமந்தார்கள், எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதை அது சொல்கிறது. திட்டங்களின் கோப்புகளிலும் கணக்குகளிலும் இடம்பெறாத செய்தி அது.

திரு லிம் மாற்றத்தைத் தடுக்க முயலவில்லை. அது அவர் கையில் இருந்த காரியமும் அன்று. தம் கையில் இருந்தது தூரிகை. தம்மால் செய்ய முடிந்ததை அவர் செய்தார். படகுகள் சென்ற பிறகும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. முதுமையில் மரங்களைப் பெரிய தாள்களில் வரைந்தார். சீன எழுத்துகளை ஒன்றன்மீது ஒன்றாகச் சிக்கலாக எழுதி, எழுத்தா ஓவியமா என்று வியக்கவைக்கும் புதுமையான படைப்புகளை உருவாக்கினார். தாம் முன்பு செய்ததையே திரும்பச் செய்வதில் அவர் மனநிறைவு அடையவில்லை.

நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் 2003ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 82. பலர் ஓய்வெடுக்கும் வயதில் அவருக்குப் புகழ் வந்தது; புகழ் வந்த பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளுக்கென ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், தமது 103ஆம் வயதில் அவர் காலமானார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது தமிழ்ப் பழமொழி. திரு லிம் சுவர் இருந்த காலத்தில் காத்திருக்காமல் சித்திரம் எழுதியவர். இன்று அந்தச் சுவர் இல்லை, படகுத்துறை இல்லை, மூட்டை சுமந்த பலகையும் இல்லை. சித்திரம் நிற்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் இப்படி விடைபெறக் காத்திருக்கும் காட்சிகள் உண்டு. ஒரு பழைய சந்தை, ஒரு மீனவர் துறை, தாத்தா பாட்டி வாழ்ந்த அடுக்குமாடி வீடு, மூடப்படவிருக்கும் ஒரு பள்ளிக்கூடம் என அவை நம் அருகிலேயே இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஆனால், அவை இருக்கும்போதே நின்று, நன்றாகப் பார்த்து, வரைந்தோ எழுதியோ வைக்க யாரும் தடை சொல்வதில்லை. வார இறுதிகளில் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்த ஒரு தலைமையாசிரியர், தம் மாணவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியே நடத்திய பாடம் அதுவே.